நொய்யற்கரையிலிருந்து பார்த்த ரோமாபுரி



பழைய ஹாலிவுட் படங்களில் வரும் ரோமாபுரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் தெரிவித்தபோது, பின்னலாடையைத் தவிர வேறு நினைப்புக்கு நேரமில்லாத திருப்பூரில் பேசுவதற்கு இதைவிடத் தூரமான விஷயம் அகப்படவில்லையா என்று நண்பர் ஒருவர் நயமாகக் கேட்டார். பூகோளப்படி அவர் சொன்னது சரி. சரித்திரப்படி அவ்வளவு சரியல்ல. 'பென்ஹர்' முதலிய படங்கள் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் மங்காமல் நிற்பதன் ரகசியத்தை, அவற்றை எடுத்த அமெரிக்காவிலோ, எடுக்க இடம் கொடுத்த இத்தாலியிலோ இருந்து பார்ப்பவர்களைக் காட்டிலும், நொய்யல் ஆற்றங்கரையிலிருந்து பார்ப்பவர்கள் சற்றுத் தெளிவாகவே காணக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

கொங்கு நாட்டுக்குச் சினிமா வந்த கதையே ரோமானியச் சிப்பாய்களோடு வந்த கதைதான். கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சி ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் போடும் உத்தியோகத்தில் இருந்த காலத்தில், 1905ஆம் ஆண்டில், ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு தாமே ஊர் சுற்றக் கிளம்பினார். பிற்பாடு கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையையும் கட்டினார். அவர் காட்டிய படங்களில் முக்கியமானது இயேசுநாதரின் வாழ்க்கை. சிலுவைக் கட்டத்தைக் காட்டும் படத்தில் ஈட்டி பிடித்த ரோமானியன் இல்லாமல் முடியாதல்லவா? ஆகவே, சலனப்படம் என்ற அதிசயத்தை இந்தப் பக்கத்தில் முதன்முதலாகப் பார்த்தவர்கள், திரையில் தியாகராஜ பாகவதரின் முகத்தைத் தரிசிப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னதாகவே, பிலாத்துவின் சேவகர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டவர்கள்.

ஆனால் திரையில் வந்த ரோமானியன் பிந்தி வந்தவன். அசல் ரோமானியனுடைய பணம், அதற்கு ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றோரம் வந்து சேர்ந்துவிட்டது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் மணிக்கும் அணிகலனுக்கும் பேர்போன ஊராகக் கொடுமணத்தைப் பாடியிருக்கிறார்கள். சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல்தான் அது என்பதை, 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகள் ஐயமறக் காட்டின. பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை அறுத்து மெருகேற்றித் துளையிட்ட பட்டறைகளும், இரும்பை உருக்கிய உலைகளும், நூல் நூற்ற தக்களிகளும், பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் பொறித்த ஆட்பெயர்களும் அங்கே கிடைத்தன. பச்சைக்கல் விளைந்த படியூர் இந்தத் திருப்பூர் மாவட்டத்திலேயே, காங்கேயத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. அந்தக் கல்லுக்கு ரோமாபுரிச் சீமாட்டிகள் கொடுத்த விலைதான் கொங்கு நாட்டு மண்ணுக்குள் வெள்ளிக் காசாகப் புதைந்து கிடந்தது: வெள்ளலூரில் 1842இல் ஒரே இடத்தில் 522 காசுகள் அகப்பட்டன, கத்தாங்கண்ணியிலும் ஒரு புதையல் கிடைத்தது. அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு சக்கரவர்த்திகளின் தலை பொறித்த காசுகளே இத்தகைய புதையல்களில் மிகுதி. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்தது இந்த வியாபாரத்தைப் பற்றித்தான்.

டைபீரியஸின் பெயரைக் கேட்டவுடன் படம் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி ஞாபகம் வரும். 'பென்ஹர்' படத்தில் வெற்றித் தேரில் கதாநாயகன் யூதாவை அருகே நிறுத்திக்கொண்டு வரும் தளபதியை அரியணையில் இருந்து வரவேற்கும் கிழவர் அவர்தான். திரையில் அவருடைய தலையைக் கண்டு வியந்த கொட்டகைக்கும், அவருடைய தலை பொறித்த வெள்ளிக் காசு கலப்பைக் கொழுவில் இடறும் காட்டுக்கும் இடையே இங்கே சில மைல் தூரம்தான்.

இந்தச் சம்பந்தம் பழங்கதையோடு நின்றுவிடவும் இல்லை. உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் பின்னிக்கொண்டிருந்த இவ்வூரைத் தேடி, 1978ஆம் ஆண்டில், பம்பாய் ஏற்றுமதியாளர்களின் வழியாக வெள்ளை டீ-சர்ட் வாங்க வந்தவர் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர். திருப்பூரின் நேரடி ஏற்றுமதி வளர்ந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆக, இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு முறையும், இத்தாலியிலிருந்து நொய்யற்கரைக்கு வந்தவன் வாங்க வந்தவனே. இவ்வூர்ப் பாஷையில் சொன்னால், பையர். பாலஸ்தீனத்தையும் எகிப்தையும் பிரிட்டனையும் காலின் கீழ் வைத்திருந்த ரோமாபுரி, நம்மிடத்தில் விலை பேசி, பேரம் படியாவிட்டால் அடுத்த கடைக்குப் போகவேண்டிய நிலையில்தான் இருந்தது. அது மட்டுமன்று, யவனர் என்று கிரேக்கரையும் ரோமானியரையும் சேர்த்தே வழங்கிய நம் முன்னோர், அவர்களை மதுரையில் பாண்டியனுக்குக் காவலாளிகளாகவும், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் முன்னே கையைப் பின்கட்டாகக் கட்டித் தலையில் நெய் ஊற்றப்பட்ட கைதிகளாகவும் இலக்கியத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். உலகத்தையே சங்கிலியில் பிணைத்த ஜாதியைப் பிணித்து நிறுத்திய பெருமை பதிற்றுப்பத்தின் பதிகத்துக்கு உண்டு. ஹாலிவுட்டில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

இப்படி ரோமாபுரியை வாடிக்கைக்காரனாக மட்டுமே அறிந்த ஒரு நாட்டில், அதை எஜமானனாகக் காட்டும் படங்களுக்கு ஏன் இத்தனை கவர்ச்சி ஏற்பட்டது என்பதுதான் கேள்வி.

பிரம்மாண்டம் என்று எல்லோரும் சட்டென்று விடை சொல்லிவிடுவார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பிரம்மாண்டம் ஒன்றே போதுமானால், 1964இல் ஆண்டனி மான் எடுத்த 'ரோமப் பேரரசின் வீழ்ச்சி' என்ற படம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்பெயினில் மாட்ரிட் நகருக்கு வெளியே ரோமாபுரியின் மன்றம் முழுவதையும், கோயிலும் தூணும் படிக்கட்டுமாக, அதற்கென்றே எழுப்பினார்கள். படம் விழுந்தது, தயாரிப்பாளர் சாமுவேல் பிரான்ஸ்டனின் சாம்ராஜ்யமும் உடன் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த 'கிளியோபாட்ரா', நான்கு கோடி டாலருக்கு மேல் விழுங்கி, ஒரு பெரிய கம்பெனியைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தே விட்டது. எலிசபெத் டெய்லர் அதில் 65 முறை உடை மாற்றுகிறார். உடைத் தொழிலில் உள்ளவர்கள் அதைப் பார்ப்பதில் பிரயோஜனம் உண்டு. மற்றவர்கள் அவர் ரோமாபுரிக்குள் ஊர்வலமாக நுழையும் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எது நிற்கிறது என்றால், 1959இல் வில்லியம் வைலர் எடுத்த 'பென்ஹர்' நிற்கிறது. 1960இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த 'ஸ்பார்ட்டகஸ்' நிற்கிறது. 1951இல் வந்த 'குவோ வாடிஸ்' படத்தில் சில பகுதிகள், பெரும்பாலும் பீட்டர் உஸ்தினோவ் நீரோவாக வந்து அழுது பாடும் பகுதிகள், நிற்கின்றன. இவற்றில் ரோமாபுரியின் மாளிகைகளை நாம் மேலிருந்து பார்ப்பதில்லை. துடுப்பு வலிக்கிறவன், கல் உடைக்கிறவன், விலைக்கு விற்கப்பட்டவன் ஆகியோரின் கண்ணால், கீழிருந்து, கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிறோம். அத்தனை பொன்னையும் பளிங்கையும் கொட்டி ஒரு வல்லரசைக் கட்டியெழுப்புவதெல்லாம், அதன் முன்னே ஒரு தனிமனிதனை வெறுங்கையோடு நிறுத்துவதற்காகவே. ஆளுகிறவர்களின் கதையாக எடுக்கப்பட்ட படங்கள் செத்துப்போயின. ஆளப்படுகிறவர்களின் கதையாக எடுக்கப்பட்டவை பிழைத்திருக்கின்றன.

இதில் அமெரிக்கர்கள் செய்த ஒரு தந்திரம், அவர்கள் நினைத்தும் பாராத வகையில், நம் நாட்டில் வேலை செய்தது. ரோமானியப் பிரபுக்களின் வேஷத்துக்கு அவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து நடிகர்களை வரவழைத்தார்கள். அடிமைக்கும் யூதனுக்கும் தங்கள் நாட்டு நடிகர்களையே வைத்துக்கொண்டார்கள். 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில் கிராஸஸாக லாரன்ஸ் ஒலிவியரும், கிராக்கஸாகச் சார்லஸ் லாட்டனும் வருகிறார்கள். எதிரே நிற்பவர் கர்க் டக்ளஸ். 'பென்ஹர்' படத்தில் தளபதி அரியஸ், ஜாக் ஹாக்கின்ஸ். எதிரே சார்ல்டன் ஹெஸ்டன். 'குவோ வாடிஸ்' இதற்கு ஓரளவு விலக்கு. 1776இன் நினைவு மாறாத அமெரிக்க ரசிகனுக்கு, அழுத்தந்திருத்தமான அந்த லண்டன் உச்சரிப்பு எஜமானனின் குரலாகக் கேட்டிருக்கும். அப்படியானால் நமக்கு எப்படிக் கேட்டிருக்கும்? இந்தப் படங்கள் கோவைக்கும் சென்னைக்கும் வந்தபோது வெள்ளைக்காரக் கலெக்டர் கப்பலேறி அதிக ஆண்டுகள் ஆகியிருக்கவில்லை. சென்னிமலையின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இந்தத் திருப்பூர் வீதியில் 1932 ஜனவரி 10ஆம் தேதி போலீஸ் தடியடிக்குக் கொடியைக் கைவிடாமல் விழுந்து, மறுநாள் உயிர் நீத்த குமரனைக் கண்ணால் கண்டவர்கள் அன்றைக்கு நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். அத்தகையவர்களில் ஒருவர் கொட்டகையில் உட்கார்ந்து, நாட்டு மக்களை அடக்கிவைக்க உதவும்படி பால்ய சிநேகிதனான யூதாவிடம் ரோமானிய அதிகாரி மெஸாலா கேட்கும் இடத்தைப் பார்த்தால், உதவ விருப்பமுள்ள பிரமுகர்களின் பெயர்ப் பட்டியலை ஊர்தோறும் வைத்திருந்த பழைய துரைத்தனம் அவருக்கு ஞாபகம் வராமல் இருந்திருக்குமா?

பென்ஹரின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்ச் சிநேகிதன் துரோகியாகிறான். செய்யாத குற்றத்துக்காக மகன் அடிமையாகக் கப்பலுக்குப் போகிறான். தாயும் தங்கையும் நிலவறையில் கிடந்து குஷ்டரோகிகளாகிறார்கள். பகைநாட்டுப் பெரியவர் ஒருவரைக் கடலில் காப்பாற்றி, அவருக்கே சுவீகார புத்திரனாகித் திரும்பி வந்து பழி தீர்க்கிறான். தாயின் நோய் தெய்வச் செயலால் நீங்குகிறது. லூ வாலஸ் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880இல் எழுதிய நாவல் இது என்று சொல்லாமல் கதையை மட்டும் சொன்னால், எந்தத் தமிழ் ஸ்டூடியோவில் எந்த ஆண்டில் எடுத்தது என்று கேட்பார்கள்! ஆனால் படம் முழுவதும் இயேசுவின் முகத்தை வைலர் காட்டவே இல்லை. தண்ணீர் கொடுக்கும் கையும், நடந்து போகும் முதுகும், அவரைப் பார்க்கிறவர்களின் முகமும் மட்டுமே தெரிகின்றன. தெய்வத்தைக் கண்ணாரக் கண்டு கற்பூரம் காட்டிப் பழகிய நம் ரசிகர்களை அந்த மறைப்பு ஏமாற்றவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

அந்தப் படத்தில் தேரோட்டத்தைத்தான் உலகம் கொண்டாடுகிறது. என் மனத்தில் அதற்குச் சமமாக நிற்பது துடுப்புக் காட்சி. கப்பலின் அடித்தளத்தில் வரிசை வரிசையாக விலங்கிட்டு உட்காரவைத்த அடிமைகள். அவர்களுக்கு எதிரே இரண்டு கட்டைகளை மாற்றி மாற்றித் தட்டித் தாளம் போடும் ஒருவன். பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தையில் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும் தளபதி. யூதாவுக்கு அங்கே பெயர் கிடையாது. நாற்பத்தொன்று என்ற எண்தான் பெயர். தாளம் துரிதமாகத் துரிதமாக, முதுகுகள் வியர்த்து, வாய் பிளந்து, ஒருவன் துடுப்பின்மேல் சாய்ந்து, இன்னொருவன் சரிந்து விழுந்து, எல்லாம் நிற்கும் வரையில் காமிரா அந்தத் தளத்தை விட்டு வெளியே போவதில்லை. போரும் இல்லை, புயலும் இல்லை. வந்த தளபதி ஆட்களைச் சோதித்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். பழைய படங்களைத் திரையிட்ட ஒரு மாலைக் கூட்டத்தில், பவர்டேபிளில் இருபது ஆண்டு தைத்த பெரியவர் ஒருவர் இந்தக் காட்சியில் என் பக்கம் திரும்பி, "இதென்னுங்க பெரிய அதிசயம், ஷிப்மென்ட் வாரத்துல நம்ம சூப்பர்வைசர் கொட்டாத கொட்டா?" என்றார். சினிமா விமரிசனத்தில் அதைவிட நல்ல வாக்கியத்தை நான் படித்ததில்லை. பிறர் வைக்கும் தாளத்துக்கு உடம்பை வளைப்பது இன்னதென்று அறிந்த ஊர் இது. பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊரும் இதுதான்.

தேரோட்டத்துக்கு வருவோம். ரோமாபுரிக்கு அருகே சினெசிட்டா ஸ்டூடியோவில் 18 ஏக்கரில் அமைத்த களம். ஏறத்தாழ ஒன்பது நிமிஷம் ஓடும் பந்தயம். தேர்கள் அணிவகுக்கும் வரையில் எக்காளமும் முரசும் முழங்குகின்றன. பந்தயம் தொடங்கியதும் இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோஜாவின் வாத்தியங்கள் ஓய்ந்துவிடுகின்றன. குளம்படியும் சக்கரமும் சாட்டையும் ஜனங்களின் இரைச்சலும்தான் சங்கீதம். ஹெஸ்டனுக்குப் பதிலாக ஓட்டிய ஜோ கானட், உடைந்து கிடந்த தேரைத் தாண்டும்போது தூக்கியெறியப்பட்டு, தேரின் முன்புறத்தில் தொங்கி மீண்டது எதிர்பாராமல் நேர்ந்தது. அதைப் படத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் வெளியூர் ரசிகர்கள் தொழில்நுட்ப வியப்பாகப் பேசுவார்கள். ரேக்ளாப் பந்தயம் நடக்கும் சீமையில் பேச்சு வேறு மாதிரி. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் 200 மீட்டருக்கும் 300 மீட்டருக்கும் காளைகளை விட்டு நொடிக்கணக்குப் பார்க்கிறவர்கள், நாலு வெள்ளைக் குதிரைகளையும் கூடாரத்துக்குள் அழைத்துப் பிள்ளைகளைப் போலக் கொஞ்சும் அரபு ஷேக்கையும், எந்தக் குதிரையை உட்புறம் பூட்டுவது என்று யூதா சொல்லும் யோசனையையும் கண்டதும், இடத்தை மாடு, வலத்தை மாடு என்று தங்களுக்குள்ளேயே வழக்காடத் தொடங்கிவிடுவார்கள். சாட்டையை ஓங்காமல் ஓட்டுகிறவன் ஜெயிக்கவேண்டும் என்ற நியாயம் அவர்களுக்கு உபதேசமின்றியே விளங்கும். மெஸாலா குதிரையையும் அடிக்கிறான், பக்கத்துத் தேர்க்காரனையும் அடிக்கிறான். அவன் விழுவதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்காது.

'குவோ வாடிஸ்' படத்திலோ, தூணில் கட்டப்பட்ட கதாநாயகி லிஜியாவைக் காப்பாற்ற, உர்ஸஸ் என்ற பயில்வான் வெறுங்கையால் காளையின் கொம்பைப் பிடித்துத் திருகுகிறான். காங்கேயத்துப் பூச்சிக்காளையின் திமிலைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் காளை கொஞ்சம் சாதுதான். இந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர் நம் பக்கத்துக்காரர். உடற்பயிற்சியால் சாண்டோ என்ற பட்டம் பெற்ற கோயமுத்தூர் எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர், 1956இல் தாம் தயாரித்த முதல் படமான 'தாய்க்குப் பின் தாரம்' படத்திலேயே எம்.ஜி.ஆரைக் காளையோடு மோதவிட்டார். அதன்பின் யானையும் பாம்பும் சிறுத்தையுமாக அவர் காட்டிய வித்தைகள் ஹிந்தி வரையில் போய்க் கொடி நாட்டின. நீரோ கட்டிய களத்தின் மிருகச் சண்டைக்கு, கொடுமையை எடுத்துவிட்டு முருக பக்தியைச் சேர்த்த உருவம் தேவர் படம் என்று சொன்னால், இங்கே உள்ளவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன். எம்.ஜி.ஆர். தம் சொந்தத் தயாரிப்பான 'அடிமைப் பெண்' படத்தில், 1969இல், சிங்கத்தோடே மோதினார். குகைச் சிறையில் கூனிக் குறுகி வளர்ந்து, நிமிர்ந்து நிற்கவும் பேசவும் ஒரு பெண்ணிடம் கற்றுக்கொண்டு, சங்கிலியில் கிடக்கும் ஒரு தேசத்தின் பெண்களை மீட்கும் கதாநாயகன் அதில் வருகிறான். 'ஸ்பார்ட்டகஸ்' வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த படம் அது. அதிலிருந்து வந்த படம் என்று நான் சொல்லவில்லை. அடிமை நிமிர்வதைக் காணும் ஆசை இரண்டுக்கும் பொதுவான ஊற்று. சங்கிலியால் பிணித்து அரசவைக்கு இழுத்துவரப்படும் மகனைச் சிவாஜி கணேசன் 1954இலேயே 'மனோகரா'வில் காட்டிவிட்டார்; பென்ஹருக்கு ஐந்து ஆண்டு மூத்தவன் நம் மனோகரன்.

எதிர்வழக்கும் ஒன்று சொல்கிறேன். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. தஞ்சைக் கோயிலைக் கட்டிய சக்கரவர்த்தி, அகன்ற திரை, சிவாஜியின் கம்பீரம் எல்லாம் கூடியும், மனோகரனின் சங்கிலி நம் மனத்தில் ஒலிக்கிற மாதிரி அந்த மகுடம் ஒலிப்பதில்லை. அரியணையில் உட்கார்ந்துவிட்ட மனிதனிடம் நமக்கு மரியாதை உண்டு, கவலை இல்லை. கவலை இல்லாத இடத்தில் கதை எங்கிருந்து வரும்?

சினிமாஸ்கோப் என்றவுடன் அந்த முறையில் உலகத்தில் முதலில் வெளியான படத்தைச் சொல்லவேண்டும். 1953இல் வந்த 'தி ரோப்'. படம் சுமார்தான், ரிச்சர்ட் பர்ட்டன் பாதிப் படத்தில் கண்ணை உருட்டுகிறார். இருந்தாலும், ஒரு பெரும் படத்துக்குக் கதாநாயகனாக ஒரு துணியையே வைத்தார்கள் என்ற காரணத்தால் இவ்வூரில் அதற்கு ஒரு மரியாதை செய்யவேண்டும். சிலுவையின் அடியில் சேவகர்கள் பகடை உருட்டி ஜெயித்த அங்கி அது. தையலில்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒன்றாக நெய்யப்பட்டது, ஆகையால் அதைக் கிழித்துப் பங்கிட மனமின்றிச் சீட்டுப்போட்டார்கள் என்று யோவான் சுவிசேஷம் காரணம் சொல்கிறது. பிரசங்கிகள் இந்தத் தையலின்மைக்குத் தத்துவார்த்தம் சொல்வார்கள். பனியன் தெரிந்தவனுக்கு அது தொழில் சமாசாரம். மார்பளவுக்கேற்ற டயா உள்ள வட்டப் பின்னல் மிஷினில் துணி குழாயாகவே இறங்கும். அதை நீளத்துக்கு வெட்டித் தோளையும் கழுத்தையும் கையையும் அடித்துவிட்டால், விலாவில் தையலே இல்லாத பனியன். தறியில் அதைச் சாதித்த பழைய நெசவாளன் எத்தனை பாடுபட்டிருப்பான் என்று யோசிக்கும்போதுதான், அதற்காக நாலு சிப்பாய்கள் பகடை உருட்டியதன் நியாயம் புரிகிறது. ரோமானியச் சாமானியன் உடுத்திய ட்யூனிக்கோ, இரண்டு நீள்சதுரத் துணிகளைத் தோளிலும் விலாவிலும் மூட்டியது. சற்று நீண்ட கைப்பனியன் என்றே சொல்லிவிடலாம். திரையில் அதை மடிப்புக் கலையாமல், அழுக்குப் படாமல் உடுத்திவந்து நம்மை ஏமாற்றுகிறார்கள். பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த், 1953இல் வந்த 'ஜூலியஸ் சீசர்' படத்தைப் பற்றி எழுதும்போது, ரோமானியன் என்பதற்கு அடையாளமாக எல்லோருடைய நெற்றியிலும் முன்மயிரைக் கத்தரித்து ஒட்டிவிட்டார்கள் என்று பரிகாசம் செய்தார். கூடவே துணியையும் கவனித்திருந்தால் இன்னும் ஒரு பக்கம் எழுதியிருப்பார்.

புதிய ரோமாபுரிப் படங்கள் வராமல் இல்லை. ரிட்லி ஸ்காட் 2000இல் எடுத்த 'கிளாடியேட்டர்' ஐந்து ஆஸ்கார் வாங்கியது. 2024இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. நம் பக்கத்தில் 'பாகுபலி'யின் வில்லன் சுழலும் கத்திகள் பூட்டிய தேரில் வருவதைக் கண்டவர்கள், மெஸாலாவின் தேர்ச் சக்கரத்துப் பற்களை நினைத்துக்கொள்ளாமல் இருக்கமுடியாது. இவை கணிப்பொறி பெருக்கிக்காட்டும் ஜனத்திரளை நம்பியவை. 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில் சமவெளிக்கு அப்பாலிருந்து சதுரம் சதுரமாக இறங்கிவரும் ரோமானியப் படையில் உள்ளவர்கள் ஸ்பெயின் நாட்டுச் சிப்பாய்கள், ஆயிரக்கணக்கில், அத்தனை பேரும் ஆட்கள். அவர்கள் நடக்கும்போது தரை அதிர்வது தெரிகிறது. அந்தப் படத்தின் வசனகர்த்தா டால்டன் ட்ரம்போ, கம்யூனிஸ்டு என்ற பழியால் சிறை சென்று, ஆண்டுக்கணக்கில் புனைபெயரில் எழுதிப் பிழைத்து, இந்தப் படத்தில் சொந்தப் பெயரைத் திரையில் கண்டார். மூலநாவலை எழுதிய ஹோவர்டு ஃபாஸ்ட், பதிப்பகங்கள் மறுத்ததால் 1951இல் தாமே அதை அச்சிட்டுக்கொண்டவர். தோற்ற அடிமைகளில் தலைவன் யார் என்று கேட்கும்போது ஒவ்வொருவனாக எழுந்து நானே ஸ்பார்ட்டகஸ் என்று சொல்லும் காட்சி, விசாரணையில் பதில் சொல்ல மறுத்த ட்ரம்போ எழுதிய காட்சி. அதனால்தான் அதில் நடிப்பைத் தாண்டிய ஒரு சூடு இருக்கிறது.

கடைசியாக ஒரு யோசனையை இங்குள்ள இளைஞர்கள் முன் வைக்கிறேன். ரோமாபுரியை எஜமானனாகக் காட்டும் படங்கள் போதுமானவை வந்துவிட்டன. வாடிக்கைக்காரனாகக் காட்டும் படம் எடுக்கத் தகுதியுள்ளவர்கள் நாமே. ஆதாரத்துக்குக் குறைவில்லை. எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல் கதீமில், கண்ணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் எழுத்தில் பொறித்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. வியன்னா நகரத்தில் ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது; கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, 1985இல் அச்சில் வெளிவந்தது. ஒரு பக்கத்தில், சேரநாட்டுத் துறைமுகமான முசிறியோடு நடந்த வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பல் கொண்டுவந்த சரக்கின் கணக்கு: வாசனைப் பொருள், தந்தம், துணி. அந்தச் சரக்கை அலெக்சாந்திரியாவில் இறக்கினால் நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் சுங்கம். வெளிநாட்டுச் சுங்கத்தைப் பற்றி இந்த ஊருக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கொடுமணலில் கல் அறுத்தவனும், முசிறியில் மூட்டை கட்டியவனும், பாலைவனத்தில் ஒட்டகத்தோடு நடந்த கண்ணனும், வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு அலெக்சாந்திரியாவில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனும் ஒரே கதைக்குள் அடங்குவார்கள். திரைக்கதைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், அந்த ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது: தவணைக்குள் கடன் தீராவிட்டால், அடகாக வைத்த சரக்கைக் கைப்பற்றி விற்றுக்கொள்ளும் உரிமை கடன் கொடுத்தவனுக்கு உண்டு என்று எழுதிய வரியிலிருந்து ஆரம்பிக்கலாம்.